பத்துக்கு எட்டு

அறுபத்தொன்று. முதலாம் ஆண்டு இயந்திரவியல் வகுப்பின் வருகைப் பதிவேட்டில் அவருடைய எண் அது. அறுபது பெயர்களையும் அச்சடித்து முடித்த பிறகு, சேர்க்கையின் கடைசி நாள் மாலை மூன்றரை மணிக்கு விண்ணப்பத்தோடு வந்து நின்றதால், அவர் பெயர் மட்டும் தாளின் அடியில் நீல மையால் எழுதப்பட்டிருக்கிறது. வயது நாற்பத்து மூன்று. மற்ற அறுபது பேருக்கும் பதினாறு, மிஞ்சினால் பதினெட்டு.

முதல் நாள் அவர் சீக்கிரமே போய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வாசலில் ஒரு பையன் தயங்கி நின்று, "உள்ள வரலாமா மேடம்?" என்றான். "வாப்பா" என்றார். பின்னால் வந்தவர்களும் வரிசையாக அனுமதி கேட்டார்கள். அவரும் ஒருவர் விடாமல் உள்ளே விட்டார். நிஜ ஆசிரியர் வந்து, "நீங்க யாரோட அம்மா?" என்று கேட்டபோதுதான் குட்டு உடைந்தது.

"மூணாவது வருஷத்துல ஒருத்தி இருக்கா சார். ஆனா நான் அவளைப் பார்க்க வரல. படிக்க வந்திருக்கேன்."

அன்று சாயங்காலத்துக்குள் பாலிடெக்னிக் முழுக்க அவருக்கு ஒரு பெயர் வந்துவிட்டது: சீனியர். முதலாமாண்டு மாணவியை வாட்ச்மேன் உட்பட எல்லோரும் சீனியர் என்று கூப்பிட்ட ஒரே கல்லூரி அதுவாகத்தான் இருக்கும்.

அதற்கு முன் இருபத்தோரு வருடம் அவர் ஒரு பார்சல் கிடங்கில் வேலை பார்த்தார். ஓடும் பெல்ட்டின் ஓரம் நின்று, வருகிற பெட்டியை எடுத்து, முகவரியைப் பார்த்து, சரியான கூண்டில் போட வேண்டும். பெட்டியைக் கையில் எடுத்ததுமே உள்ளே கண்ணாடியா காகிதமா என்று சொல்லிவிடுவார். பெல்ட் பழுதாகி மெக்கானிக் வரும் நாட்களில் மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள். இவர் மட்டும் கழற்றிய மூடியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருப்பார். கிடங்கு ஊருக்கு வெளியே வெகுதூரம் மாறிப் போனபோது கூடப் போக மனம் வரவில்லை. மகள் சேர்ந்த பாலிடெக்னிக்கின் விண்ணப்பத்தாள் ஒன்று வீட்டில் கூடுதலாகக் கிடந்தது. அதை நிரப்பினார். அவ்வளவுதான் கதை.

மகள் அப்போது மூன்றாமாண்டு. கல்லூரியின் ரோபோ அணிக்கு அவள்தான் கேப்டன். அம்மா அதே கல்லூரிக்கு வருகிறாள் என்று தெரிந்ததும் அவள் சமையலறையில் ஒரு பேச்சுவார்த்தை நடத்தினாள். பட்டறைக்குள் அம்மா, மகள் என்று கூப்பிடக் கூடாது. வீட்டுப் பேச்சு எதுவும் கல்லூரியில் வரக் கூடாது. கல்லூரிப் பேச்சு எதுவும் வீட்டில் வரக் கூடாது. போவது தனித்தனிப் பேருந்து. மகள் ஏழரை வண்டி, அம்மா எட்டு மணி வண்டி.

"இது எதுக்குடி?" என்று கேட்டார் அம்மா.

"எனக்கு ஒரு பேர் இருக்கும்மா அங்க. நீ வந்து 'கண்ணு, சாப்பிட்டியா'ன்னு கேட்டா என் பொழப்பு சிரிப்பாச் சிரிச்சிரும்."

அவரும் ஒத்துக்கொண்டார். நகரப் பேருந்து ஓட்டுநரான அப்பாதான் நடுவில் மாட்டிக்கொண்டார். ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடம் சொல்ல முடியாமல் மென்று முழுங்கி, "நான் இந்த வீட்டுல மனுஷனா, சுவரா?" என்று அடிக்கடி கேட்பார்.

அம்மா ரோபோ அணியில் சேர்ந்ததற்கு மகள் காரணமில்லை. அணியில் சக்கரங்களை ஓட்டுபவள் ஒல்லியான ஒரு பெண். ரிமோட்டைக் கையில் எடுத்தால் எதிரே சுவர் இருப்பதையே மறந்துவிடுவாள் என்பதால் அவள் பெயர் லாரி. வயர் வேலை எல்லாம் பார்ப்பவனுக்குக் கம்பி என்று பெயர். எப்போதும் வாயில் ஒரு வயரைக் கடித்துக்கொண்டு திரியும் பையன். இந்த இருவரும் ஒரு மதியம் பந்து எறியும் கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்பிரிங் வைத்த கை. ஒரு பந்தை எறிந்துவிட்டு, மறுபடி மடங்கி வர ஒன்பது விநாடி எடுத்துக்கொண்டது. சீனியர் அந்தப் பக்கம் போனவர் நின்று பார்த்து, "இதை ஏன் சுத்த விடாம மடக்கிட்டு இருக்கீங்க?" என்றார். அடுத்த வாரம் கிடங்கில் கழித்துப்போட்ட தள்ளுவண்டி ஒன்றின் ரப்பர் சக்கரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

அப்படிப் பிறந்ததுதான் அந்தப் பெட்டி. கீழே மோட்டாரில் சுழலும் சக்கரம். அதற்கு மேலே வளைந்த ஒரு தகடு. இரண்டுக்கும் நடுவே பந்தின் அகலத்தைவிடக் கொஞ்சம் குறைவான இடைவெளி. ஆரஞ்சுப் பழ அளவிலான நுரை ரப்பர் பந்தை உள்ளே தள்ளினால், சக்கரம் அதைப் பிடித்து இழுத்து, தகட்டோடு உருட்டி, வெளியே எறியும். போட்டி விதிப்படி, மூன்று மீட்டர் தள்ளி, ஆள் உயரத்துக்கு மேல் மாட்டிய கூடையில் பந்து விழுந்தால் மூன்று புள்ளி. தரையோரம் இருக்கும் துளையில் பந்தைத் தள்ளிவிட்டால் ஒரு புள்ளி.

ஒரு சனிக்கிழமை அந்தப் பெட்டி பத்துக்கு ஒன்பது போட்டது. லாரி மேசைமேல் ஏறி ஆடினாள். கேப்டன் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் எழுதினாள்:

வெள்ளி மாலை 4 மணி. பத்துப் பந்து. எட்டு விழுந்தால் எறியும் பெட்டி இருக்கும். இல்லையென்றால் தள்ளும் பலகை.

அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். போட்டிக் களத்துக்குள் போக ஓர் அணிக்கு ஆறு அனுமதி அட்டைதான். எறியும் பெட்டி இருந்தால் அதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த அட்டை சீனியருடையது. வெறும் பலகையை மாட்டினால் அதற்கு ஆள் எதற்கு? அவர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கை தட்டலாம்.

பொருள் அறையைச் சனி மதியமே பூட்டிவிடுவார்கள் என்பதால், வார இறுதியில் பந்துப் பையைக் கேப்டன்தான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவாள். பை பால்கனியில் கிடக்கும். சீனியர் அதைப் பார்ப்பார், தாண்டிப் போவார், தொட மாட்டார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

திங்கட்கிழமை எட்டு மணிப் பேருந்தில் அவர் வந்து சேர்ந்தபோது பந்துகள் தட்டில் பளிச்சென்று இருந்தன. பட்டறைத் தரையின் எண்ணெய்க் கறை ஒன்றுகூட இல்லை.

"கம்பி, பந்தெல்லாம் சூப்பரா துடைச்சிருக்கியே!"

கம்பி வாயில் வயரோடு, "ம்" என்றான்.

அன்று பத்துக்கு நாலு.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேட்டரி சோர்ந்திருக்கும் என்று மாற்றினார்கள். பத்துக்கு மூன்று. பந்துகள் கூடைக்கு ஒரு முழம் முன்னாலேயே சோர்ந்து விழுந்தன. செவ்வாய்க்கிழமை சீனியர் மோட்டாரின் வேகத்தைக் கூட்டினார். விழுந்தது இரண்டு. ஒரு பந்து கூடைக்குப் பதிலாகப் பட்டறை ஆசிரியரின் டீ டம்ளரைத் தேடிப் போனது.

"சீனியர், அவர்தான் நமக்குக் கையெழுத்துப் போடணும்" என்றாள் லாரி. "அவரைக் குறி வைக்காதீங்க."

"நான் கூடையைத்தாம்மா குறி வச்சேன். அதுக்கு அவரைப் பிடிச்சுப் போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். சீனியர் மறுபடி பெட்டியின் பக்கம் குனிந்தார். ஒன்றை மட்டும் அவர் கவனித்திருந்தார். சனிக்கிழமை ஒவ்வொரு பந்து உள்ளே போகும்போதும் சக்கரத்தின் சத்தம் ஒரு கணம் தாழ்ந்து மறுபடி ஏறும். சுமை தூக்கும் ஆள் 'ம்' என்று மூச்சு விடுவதைப் போல. இப்போது அந்தத் தாழ்வு இல்லை. பந்து உள்ளே போகிறது, வெளியே வருகிறது, சக்கரம் அது பாட்டுக்கு ஒரே சுருதியில் ஓடுகிறது. பந்து வந்ததே தெரியாத மாதிரி.

புதன்கிழமை சக்கரத்தையே மாற்றிப் பார்த்தார். அதே தள்ளுவண்டியின் இன்னொரு சக்கரம். பத்துக்கு மூன்று. கேப்டன் கதவோரம் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பிரச்சனை சீனியர்?"

"தெரியல கேப்டன். நீங்க நாளைக்கு ஒரு நாள் குடுங்க."

"நாளைக்கு உங்க நாள்தான். வெள்ளி நாலு மணியை மட்டும் மாத்த முடியாது."

பட்டறையில் இருவரும் ஒருவரை ஒருவர் 'நீங்க' என்றுதான் பேசிக்கொள்வார்கள். வீட்டுக் கதவைத் திறந்தால் அது 'நீ' ஆகிவிடும்.

அன்று சாயங்காலம் ஆறு மணி இருக்கும். சமையலறையில் அம்மா டீ போட்டுக்கொண்டிருக்க, மகள் பின்னால் வந்து நின்றாள். பாத்திரத்தை எடுத்தாள், வைத்தாள். டப்பாவைத் திறந்தாள், மூடினாள். கடைசியில் மெல்லச் சொன்னாள்.

"எட்டு போதாதும்மா. ஒன்பது போடு."

அம்மா திரும்பினார். "இது வீடுடி."

"தெரியும். கேளு. எட்டு விழுந்து நான் சரின்னு சொன்னா, அம்மாங்கறதால விட்டுக் குடுத்தேன்னு நாலு பேர் சொல்லுவாங்க. மத்தவங்களுக்கு எட்டு. உனக்கு ஒன்பது."

"மூணு விழறதுக்கே நான் தலையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன். நீ ஒன்பதுங்கறே."

"அதான் சொல்றேன்." மகளின் குரல் இறங்கியது. "நான் உனக்கு அங்க ஒரு உதவியும் பண்ண முடியலம்மா. ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துக் குடுத்தாக்கூட எல்லாரும் பார்க்கறாங்க."

சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மா டீயைக் கணவரிடம் கொடுத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். உலர்ந்த துணிகள் நாற்காலியில் குவிந்திருந்தன. மடிக்க ஆரம்பித்தார். கை தன் பாட்டுக்கு மடித்துக்கொண்டிருந்தது. மனம் பட்டறையில் இருந்தது. ஒரு தலையணை உறையை உதறி, நெஞ்சோடு சேர்த்து இரண்டாக மடித்தபோது கை நின்றுவிட்டது. உறையை மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி முகர்ந்தார்.

மூன்று நாளாகப் பந்தை எடுத்து எடுத்துப் பெட்டிக்குள் தள்ளிய தன் விரல்களில் இந்த வாசனைதான் இருந்தது. தன் வீட்டு வாசனை என்பதால் மூக்கு அதைக் கண்டுகொள்ளாமலே விட்டிருக்கிறது.

பந்தைப் பற்றி வீட்டில் கேட்கக் கூடாது. துணியைப் பற்றிக் கேட்கலாமே.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்ப மெஷின்ல என்ன துவைச்சீங்க?"

"என் யூனிஃபார்ம். ரெண்டு போர்வை." அவர் டீயை ஊதினார். "அப்புறம் உன் பொண்ணு ஒரு பையைக் கொண்டாந்து கொட்டினா. உள்ள டம்டம்னு ஒரே சத்தம். என் ஷூவைப் போட்டுட்டாளோன்னு பயந்துட்டேன். கடைசியில அந்த நீல பாட்டில்ல இருந்து மூணு மூடி ஊத்தினா. துணி மெத்துனு ஆகுமே, அது. எதுக்குடின்னு கேட்டேன். சுவரு பேசக் கூடாதுன்னுட்டா."

அம்மா தலையணை உறையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சிரிப்பு வந்தது. சத்தம் வெளியே வராமல் இருக்க உறையையே வாயில் பொத்திக்கொண்டார்.

"என்ன ஆச்சு?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல. மூணு மூடியா ஊத்தினா?"

"மூணு. தாராளமா."

மெத்தென்று ஆக்கும் திரவம் ரப்பருக்கு மேல் வழுவழுவென்று ஒரு படலத்தை விட்டுப் போகும். சக்கரம் சுற்றுகிறது, பந்து வழுக்குகிறது. சத்தம் தாழாததற்குக் காரணம் அதுதான்: சக்கரம் பந்தைப் பிடிக்கவே இல்லை. வேகத்தைக் கூட்டக் கூட்ட இன்னும் வழுக்கியிருக்கிறது. இது அவருக்குப் புதிய பாடமும் அல்ல. கிடங்கில் பிளாஸ்டிக் உறை போட்ட பார்சல் ஏற்றத்தில் வழுக்கும்போது, பெல்ட்டின் வேகத்தைக் கூட்டிய புது மேற்பார்வையாளரைப் பார்த்து எத்தனை தடவை சிரித்திருப்பார். பெல்ட் பறக்கும், பார்சல் நின்ற இடத்திலேயே நிற்கும். செவ்வாய்க்கிழமை அதே காரியத்தைத் தானே செய்திருக்கிறார்.

இனி என்ன செய்வது என்று யோசித்தார். பந்துகளைச் சுடுதண்ணீரில் அலசி எடுத்தால் வெள்ளிக்கிழமை ஒன்பதுகூட விழலாம். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. கேப்டன்தான் பந்தைக் கெடுத்தாள் என்ற பேச்சும் வராது. ஆனால் போட்டியில் இந்தப் பந்துகளா வரப்போகின்றன? அமைப்பாளர்கள் புதுப் பந்து தருவார்கள். அதில் தொழிற்சாலை மாவு ஒட்டியிருக்குமோ, எண்ணெய் இருக்குமோ, யார் கண்டது? கிடங்கில் அவர் ஒரு நாளும் பார்சலைத் தேர்ந்தெடுத்ததில்லை. சாக்கு வரும், நனைந்த அட்டை வரும், வழுக்கும் உறை வரும். எது வந்தாலும் ஏற்றிவிடுவதுதான் பெல்ட்டின் வேலை.

பந்துகளை அவர் அலசவில்லை.

வியாழக்கிழமை காலை முதல் வேலையாகக் கம்பியைப் பிடித்தார்.

"திங்கக்கிழமை பந்தைத் துடைச்சது நீதானே?"

கம்பி வாயிலிருந்த வயரை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தான். அவன் அப்படிச் செய்வது அபூர்வம். "இல்ல சீனியர்."

"பின்ன ஏன் 'ம்'ன்னே?"

"நீங்க பாராட்டினீங்க. வேணாம்னு சொல்ல மனசு வரல."

"நல்ல மனசுடா உனக்கு. மூணு நாள் போச்சு." அவன் முதுகில் ஒன்று வைத்தார். "அந்தத் தகட்டைக் கழட்டு."

அன்று அவர்கள் மூன்று காரியம் செய்தார்கள். தள்ளுவண்டிச் சக்கரத்தின் வழவழப்பான ரப்பருக்கு மேல், வரிவரியாய் மேடு போட்ட பெல்ட் ரப்பர்த் துண்டைச் சுற்றி ஒட்டினார்கள். கிடங்கு உருளைகளில் ஒட்டுவது அதேதான். முந்தின இரவே போனில் கேட்டிருந்ததால், இரவு வேலை முடித்துத் திரும்பிய பழைய சக ஊழியர் ஒருவர் அதைப் பேருந்து நிறுத்தத்தில் கொண்டுவந்து கொடுத்தார். தகட்டைச் சக்கரத்துக்கு ஆறு மில்லிமீட்டர் நெருக்கினார்கள். பழைய தகடு சக்கரத்தைக் கால் வட்டம்தான் சுற்றியிருந்தது. புதுத் தகடு ஒன்றை அரை வட்டத்துக்கு வளைத்து மாட்டினார்கள், சக்கரத்தின் பிடியில் பந்து இரண்டு மடங்கு நேரம் இருக்கட்டும் என்று. வளைக்கும்போது தகடு இரண்டு தடவை கோணிக்கொண்டது. மூன்றாவது தடவை சரியாக வந்தபோது மணி இரண்டு.

முதல் பந்து உள்ளேயே சிக்கிக்கொண்டது. ஆறு மில்லிமீட்டர் அதிகம். நாலாகக் குறைத்தார்கள். அடுத்த பந்து போனது. சக்கரத்தின் சத்தம் ஒரு கணம் தாழ்ந்து ஏறியது.

சீனியர் கூடையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "கம்பி, இன்னொண்ணு போடு" என்றார்.

"சீனியர், விழுந்திருச்சு! பார்க்கலியா?"

"விழும். நீ போடு."

இப்போது ஒரு புதுச் சிக்கல். சக்கரம் பந்தைப் பிடிக்கிறது என்றால், ஒவ்வொரு பந்தும் அதன் வேகத்தைக் கொஞ்சம் பிடுங்கிக்கொள்கிறது. அடுத்தடுத்து வேகமாகத் தள்ளினால் மூன்றாவது பந்து சோர்ந்து விழுந்தது. அதற்கு வேறு கருவி தேடும் நேரமில்லை. சத்தம் பழைய சுருதிக்கு ஏறிய பிறகுதான் அடுத்த பந்து என்று முடிவு செய்தார்கள். காதை வைத்துத் தள்ள வேண்டும். அந்தக் காது அவரிடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கே பட்டறையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மற்ற வகுப்புகளிலிருந்தும் வந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பட்டறை ஆசிரியர் முன்யோசனையோடு டம்ளரை மூடி வைத்திருந்தார்.

கேப்டன் கையில் எழுது அட்டையோடு வந்தாள். தட்டைப் பார்த்தாள். "ஏன் பந்து மூணு விதமா இருக்கு?"

"பொருள் அறையில பிரிக்காத பாக்கெட் ஒண்ணு இருந்துச்சு கேப்டன். அதுல நாலு. அலமாரிக்கு அடியில உருண்டு போன பழசு ரெண்டு, எண்ணெய் அழுக்கோட. மிச்சம் நாலு..." சீனியர் ஒரு கணம் நிறுத்தினார். "துவைச்சது."

"துவைச்சதா?" என்றாள் லாரி. "பந்தை யாராவது துவைப்பாங்களா?"

"மூணு நாளா வழுக்கினதுக்கு அதுதாம்மா காரணம். மேல ஒரு படலம். யாரு துவைச்சாங்கங்கறது இப்ப முக்கியமில்ல. போட்டியில எப்படிப் பந்து வரும்னு தெரியாது. எல்லா விதத்தையும் போட்டுப் பார்த்துருவோம்."

கேப்டனின் முகம் மாறியதை அவர் மட்டும்தான் பார்த்தார். முதலில் காது சிவந்தது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எழுது அட்டையை இறுக்கிப் பிடித்தாள். சொல்லாமலே இருந்திருக்கலாம். கேட்க அங்கே யாருமில்லை.

"நான்தான் துவைச்சேன்" என்றாள் சத்தமாக. "எங்க வீட்டு மெஷின்ல. அழுக்கா இருந்துச்சேன்னு."

கம்பியின் வாயிலிருந்து வயர் தானாக நழுவி விழுந்தது.

"அடிப்பாவி கேப்டன்!" என்றாள் லாரி. சன்னலில் யாரோ குபுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கேப்டன் அசடு வழிய நின்றாள், ஆனால் அட்டையை மட்டும் இறக்கவில்லை.

"போதும். மணி நாலு. சீனியர், ஆரம்பிங்க."

சீனியர் சக்கரத்தை ஓடவிட்டார். காதைப் பெட்டியருகே சாய்த்துக்கொண்டார். முதல் பந்து, புதியது. விழுந்தது. இரண்டாவதும். மூன்றாவது, துவைத்தது. கூடையின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, போவதா வேண்டாமா என்று யோசித்து, உள்ளே போனது. நாலாவது அலமாரிக்கடிப் பந்து. அம்பு மாதிரி போனது. ஐந்து, ஆறு. லாரி ஒவ்வொன்றாக எண்ணினாள். சன்னலும் கூடவே எண்ணியது. ஏழாவது, துவைத்தது, விளிம்பில் பட்டு வெளியே தெறித்தது. எட்டாவது விழுந்தது. கூட்டத்தின் இரைச்சலில் சக்கரத்தின் சத்தம் ஏறிவிட்டதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கொஞ்சம் அவசரப்பட்டு ஒன்பதாவதைத் தள்ளிவிட்டார். கூடைக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது.

அவர் கையை உயர்த்தினார். "கொஞ்சம் எல்லாரும் வாயை மூடுங்க."

நாற்பது பேரும் மூடினார்கள். சக்கரம் மெல்ல மெல்லத் தன் சுருதிக்கு ஏறுவதை அப்போது எல்லோரும் கேட்டார்கள். அவர் இன்னும் ஒரு மூச்சு பொறுத்து, பத்தாவதைத் தள்ளினார். அதுவும் துவைத்த பந்துதான். விழுந்தது.

"எட்டு!" லாரி மறுபடி மேசைமேல் ஏறிவிட்டாள்.

சீனியர் கூடையைப் பார்க்காமல் மகளைப் பார்த்தார். மகள் வெள்ளைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் சொன்ன எண் அந்த அறையில் இருவருக்கு மட்டும்தான் தெரியும். ஒன்பது என்று மகள் சொன்னால் ஒன்பதுதான். அம்மா அனுமதி அட்டையைக் கேட்டு வாதாடப் போவதில்லை.

"கம்பி, பலகையில என்ன எழுதியிருக்கு?" என்றாள் கேப்டன்.

"எட்டு."

"சத்தமா."

"எட்டுன்னு எழுதியிருக்கு கேப்டன்! உங்க கையெழுத்துதான்!"

அவள் எழுது அட்டையில் இருந்த அணிப் பட்டியலின் ஆறாவது வரியில் ஒரு பெயரை எழுதினாள். எழுதிவிட்டுத் தலை நிமிராமலே, "சீனியர், அந்த ஒன்பதாவது பந்துக்கு அவசரப்பட்டுட்டீங்க" என்றாள்.

"ஆமா கேப்டன்."

"களத்துல இதைவிட நூறு மடங்கு சத்தம் இருக்கும். காதை வச்சு ஓட்ட முடியாது."

"தெரியும். வேகம் ஏறினா எரியற மாதிரி ஒரு விளக்கு வைக்கணும். கம்பிகிட்ட சொல்லிட்டேன்."

அன்று சாயங்காலம் வீட்டில், மடித்த துணிகளை அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"ஒன்பதுன்னு சொன்னேன்ல?"

"எங்க வச்சுச் சொன்னே?"

"சமையலறையில."

"வீட்டுல கல்லூரிப் பேச்சு கிடையாது. அப்ப அது கணக்குல வராது." அம்மா ஒரு தலையணை உறையை அவள் மேல் வீசினார். "நீ மட்டும் பட்டறையில மெஷின் கதையைச் சொல்லலாமாக்கும்?"

"பின்ன, நீ பழியை ஏத்துக்கறதுக்கு முன்னாடி சொல்லிரணும்ல?"

"நான் எங்கடி ஏத்துக்கிட்டேன்?"

"ஏத்துக்கிட்டிருப்பே. உன்னைத் தெரியாதா எனக்கு?"

கூடத்திலிருந்து அப்பா கூப்பிட்டார். "சுவரு ஒரு கேள்வி கேக்கலாமா? அந்த நீல பாட்டில் எங்க?"

"குப்பைத் தொட்டியில" என்றார்கள் இருவரும்.

போட்டி அடுத்த வாரம் சனிக்கிழமை. கல்லூரி வேன் ஒன்றுதான் என்பதால், காலை ஆறரைக்கு அம்மாவும் மகளும் முதல் தடவையாக ஒரே வண்டியில் போகிறார்கள். பந்துப் பை இப்போது லாரியின் வீட்டில் இருக்கிறது. போட்டிக்கான பந்துகளை அமைப்பாளர்கள் எட்டு மணிக்குத்தான் தருவார்கள்; அவை எப்படி இருக்கும் என்று இன்னும் யாருக்கும் தெரியாது.